அழுக்குப் படிந்த விண்கலங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊராகிய அண்ணனூரை அடுத்த பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சி நடைபெற்றது. நடுவர்களுள் ஒருவனாக நானும் சென்றிருந்தேன். எரிமலை, காற்றாலை, மழைநீர்ச் சேகரிப்பு என்று வழக்கமான மாதிரிகள் வரிசையாக இருந்தன. கடைசி மேசையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கற்பனை விண்கலம் ஒன்றை வைத்திருந்தான். உடல் தெர்மோகோல். அதன்மேல் பழுதடைந்த ரேடியோவின் பாகங்கள், பேனா மூடிகள், காலியான மாத்திரை அட்டை, உடைந்த சுவிட்சு ஆகியவற்றை ஒட்டியிருந்தான். அதோடு விட்டானா? கலம் முழுவதும் பழுப்பும் கறுப்புமாகக் கறை பூசியிருந்தான். சன்னல்களுக்குக் கீழே துரு வழிந்தது போன்ற கோடுகள் வேறு!

"ஏம்ப்பா, புதுசா செஞ்சதை இப்படி அழுக்காக்கி வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"இது பழைய கப்பல் சார். நிறைய தடவை போயிட்டு வந்தது" என்றான்.

நான் சிரித்துவிட்டு, 'தூய்மை, அழகு' என்ற பிரிவில் மதிப்பெண்ணைக் குறைத்தேன். வெள்ளித் தாள் சுற்றிப் பளபளவென்று நின்ற பக்கத்து மேசை ராக்கெட்டுக்குப் பரிசு கிடைத்தது. பின்னர் ஒரு விடுமுறையில் திரைப்படங்களுக்கு மாதிரிகள் செய்தவர்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அந்தப் பையன் செய்தது வெறும் விளையாட்டன்று. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு கலை மரபு என்பதை அப்போதுதான் அறிந்தேன். அந்த மரபின் வரலாற்றையும், அதனுள் ஒளிந்திருக்கும் இயற்பியலையும் இங்குக் காண்போம்.

பளபளப்பான எதிர்காலம்

திரையில் விண்பயணம் திரைப்படக் கலையோடு சேர்ந்தே பிறந்தது எனலாம். 1902-இல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மெலியஸ் எடுத்த படத்தில், பீரங்கியிலிருந்து புறப்பட்ட குண்டு நிலவின் கண்ணிலேயே போய்க் குத்தி நின்றது. 1929-இல் ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் நிலவுப் பயணத்தைப் படமாக்கியபோது, ராக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபர்த் ஆலோசகராக இருந்தார். நம் தமிழிலும் 1963-இல் 'கலை அரசி' வெளிவந்தது. வேற்றுக் கோளினர் அறிவியலில் சிறந்தும் கலையில் குறைந்தும் இருப்பதால், நம் உலகத்துப் பெண் ஒருத்தியைக் கலை கற்பிக்க விண்கலத்தில் கவர்ந்து செல்வதாகக் கதை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அப்படம், வேற்றுக் கோள் மனிதரைக் காட்டிய முதல் இந்தியப் படங்களுள் ஒன்று.

1950-களின் ஹாலிவுட் படங்களில் விண்கலங்கள் பெரும்பாலும் வெள்ளி நிறமாகவும் வழவழப்பாகவும் இருந்தன. எதிர்காலம் என்றாலே புதுமை. புதுமை என்றாலே பளபளப்பு என்று கருதினார்கள். நானும் கண்காட்சியில் அப்படித்தானே கருதினேன்?

ஆனால் வழவழப்பில் ஒரு குறை உண்டு. ஒரு மறுவும் இல்லாத வெள்ளைக் கோளத்தின் நிழற்படத்தை எண்ணிப் பாருங்கள். அது பிங்பாங் பந்தா, பெரிய எரிவாயுத் தொட்டியா? சொல்ல இயலாது. நமது கண் ஒரு பொருள் அமைக்கும் கோணத்தை மட்டுமே அளக்கிறது. அதன் உண்மையான அளவை அறிய, நாம் அளவறிந்த வேறொன்று அதன்மேல் இருக்க வேண்டும்: ஒரு கதவு, ஓர் ஏணி, ஒரு திருகாணி. இந்தச் சிறு பாகங்களை விண்கலத்துக்கு வழங்கியது, அதனோடு தொடர்பே இல்லாத ஒரு தொழில். அதுதான் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டித் தொழில்.

பெட்டியில் வந்த விமானம்

பாகங்களாகப் பிரித்துப் பெட்டியில் விற்கப்படும் மாதிரிகளை நம் கடைகளிலும் 'மாடல் கிட்' என்றே கேட்கிறோம். 1936-இல் பிரிட்டனில் 'ஃபிராக் பெங்குவின்' என்ற வரிசை வெளிவந்தது. செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட அவ்விமானங்கள் உண்மை அளவில் 72-இல் ஒரு பங்கு.

இந்த 72 என்ற எண்ணுக்குப் போர்க்காலத்தில் ஒரு முக்கியமான வேலை வந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மர விமான மாதிரிகளைச் செய்து தருமாறு கேட்டது. பறந்து வருவது நம் விமானமா, பகை விமானமா என்று வீரர்கள் அடையாளம் காணப் பழக வேண்டும். 72-இல் ஒரு பங்கு மாதிரியை 10 மீட்டர் தொலைவில் பிடித்தால், அது கண்ணில் அமைக்கும் கோணம், உண்மை விமானம் 720 மீட்டர் தொலைவில் அமைக்கும் கோணத்துக்குச் சமம். பதின்ம வயது மாணவர்கள் செதுக்கிய மரத்துண்டுகள் போர்ப் பயிற்சிக் கருவிகளாயின.

போருக்குப் பின் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மலிவாகக் கிடைத்தது. உருக்கி, எஃகு அச்சில் அழுத்தத்துடன் செலுத்தினால் மயிரிழைக் கோடுகூடத் தெளிவாகப் பதியும். 1952-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 'கோல்டன் ஹைண்ட்' என்ற பழைய பாய்மரக் கப்பலை இம்முறையில் மலிவு விலைக்குக் கொண்டுவந்தது. பின்னர் போர் விமானங்கள், டாங்கிகள், கப்பல்கள், கார்கள் எல்லாம் பெட்டிகளில் அடைபட்டன.

நம் தெர்மோகோலும் இதே பாலிஸ்டைரீன்தான். உள்ளே வாயுவை ஏற்றி நுரைக்கச் செய்தது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் சில துளிகளை அதன்மேல் விட்டால் சட்டெனக் குழி விழும். நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அசிட்டோன் ஒன்றிலிருந்து ஒன்று விலகச் செய்கிறது. மாடல் கிட்டுக்கு உரிய பசையும் இவ்வாறே வேலை செய்கிறது. இரு பாகங்களின் விளிம்புகளையும் சற்றே கரைக்கிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. உண்மையில் அது ஒட்டுதல் அன்று, பற்றவைத்தல்.

டாங்கியிலிருந்து விண்கலம்

1965-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'தண்டர்பேர்ட்ஸ்' என்ற பொம்மலாட்டத் தொடர் தொடங்கியது. அதன் வாகனங்களை இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்லவ் நகரத்துத் தொழிற்பேட்டையில் டெரெக் மெடிங்ஸ் என்பவரின் குழு உருவாக்கியது. புதிதாக வண்ணம் பூசிய மாதிரிகள் படக்கருவியின் முன் பொம்மைகளாகவே தெரிந்தன. மெடிங்ஸ் இரண்டு வழிகளைக் கையாண்டார். கடையில் வாங்கிய மாடல் கிட்களின் பாகங்களை உடலெங்கும் ஒட்டினார். பிறகு எல்லாவற்றையும் அழுக்காக்கினார். பொம்மை உடனே இயந்திரமாயிற்று.

மாதிரிகளை நம்பச் செய்ய இன்னொன்றும் வேண்டும், அது காலம். உயரத்திலிருந்து விழும் பொருள் எடுத்துக்கொள்ளும் நேரம், அவ்வுயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 25-இல் ஒரு பங்கு மாதிரி மலையுச்சியிலிருந்து உருண்டால், உண்மையைப்போல் 5 மடங்கு விரைவாக விழுந்துவிடும். எனவே நொடிக்கு 24 படங்கள் எடுப்பதற்குப் பதிலாக 120 படங்கள் எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்ட வேண்டும். கலிலியோ கண்ட விதியைப் பின்பற்றாவிட்டால் எத்தனை அழகான மாதிரியும் அடுத்த நொடியே பொம்மையாகிவிடும்.

1968-இல் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' வெளிவந்தது. அதில் வரும் 'டிஸ்கவரி' கலத்தின் பெரிய மாதிரி சுமார் 54 அடி நீளம். அதன் மேற்பரப்பிலும் மாடல் கிட் பாகங்கள் நுணுக்கமாக ஒட்டப்பட்டிருந்தன. ஆயினும் கலம் வெள்ளை வெளேரென்று மருத்துவமனைபோல் இருந்தது. நுணுக்கம் வந்துவிட்டது, முதுமை வரவில்லை.

அதைக் கொண்டுவந்தது 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்'. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் ஒரு பட்டறையை ஏற்படுத்தினார். அங்கிருந்த இளைஞர்கள் மாடல் கிட்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தனர். டாங்கியின் சக்கரத் தொகுதி ஓரிடத்தில் குளிர்விப்பான் ஆயிற்று. பந்தயக் காரின் எஞ்சின் வேறோரிடத்தில் எரிபொருள் குழாய் ஆயிற்று. இவ்வாறு ஒட்டும் துணுக்குகளுக்கு 'கிரீபிள்' என்று விளையாட்டாகப் பெயரிட்டனர். படத்தின் தொடக்கத்தில் தலைக்கு மேல் முடிவில்லாமல் நகரும் போர்க்கலத்தின் மாதிரி ஏறத்தாழ 3 அடி நீளமே. கதைப்படி அக்கலம் 1.6 கிலோமீட்டர்!

கதாநாயகர்களின் கலமாகிய 'மில்லேனியம் ஃபால்கன்' இன்னொரு படி மேலே சென்றது. அதில் வண்ணம் உரிந்திருந்தது, கருகல் தெரிந்தது, சில தகடுகள் வேறு நிறத்தில் இருந்தன. யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள், காசில்லாமல் கிடைத்த தகட்டைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று ஒரு வசனமும் இன்றியே பார்வையாளருக்குப் புரிந்தது. கலத்துக்கு ஒரு கடந்த காலம் கிடைத்துவிட்டது.

ஆவடிப் பகுதியில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. 1965-இல் முதல் விசயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை நமக்கு அண்மையில்தான் இருக்கிறது. டாங்கியின் பக்கவாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த இளைஞர்கள் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும். அதன் ஒவ்வொரு மூடியும் கொக்கியும் பிணைப்பும் ஒரு வேலைக்காக இருப்பவை. என்ன வேலை என்று தெரியாவிட்டாலும், ஏதோ வேலை செய்கிறது என்பது கண்ணுக்குப் படுகிறது.

பின்னர்ச் சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றியது. 'ஸ்டார் டிரெக்' தொடரின் 'எண்டர்பிரைஸ்' கலத்தை ஏ.எம்.டி. நிறுவனம் 1966-இலேயே மாடல் கிட்டாக விற்றிருந்தது. 1974-இல் ஜப்பானில் 'யமாத்தோ' என்ற விண்போர்க்கப்பல் தொடர் வந்ததும் பண்டாய் நிறுவனம் அதைப் பெட்டியில் கொண்டுவந்தது. 1970-களின் இறுதியில் 'ஸ்டார் வார்ஸ்' கலங்களும் கடைக்கு வந்தன. டாங்கிப் பெட்டியிலிருந்து பிறந்த விண்கலம், தானே ஒரு பெட்டியாயிற்று. அதை வாங்கியவர்கள் அழுக்கேற்றும் வித்தையை மீண்டும் டாங்கி மாதிரிக்காரர்களிடமே கற்றனர். அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன் 1970-களில் மானோகிராம் நிறுவனத்தின் டாங்கி, விமானப் பெட்டிகளுக்கென எழுதிய விளக்கத் தாள்கள் இவ்வகையில் பலருக்கு ஆசிரியராக விளங்கின.

கறை பூசும் இயற்பியல்

அவர்கள் கற்ற முறைகளுள் முதலாவது 'வாஷ்'. கரும்பழுப்பு வண்ணத்தை மிகவும் நீர்க்கச் செய்து, தகட்டுக் கோட்டின் ஒரு முனையில் தூரிகையால் தொட்டால் போதும். நுண்புழை ஈர்ப்பால் வண்ணம் கோடு முழுவதும் தானே ஓடிப் பரவும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நிகழ்ச்சி. உண்மை இயந்திரத்திலும் அழுக்கு பள்ளங்களில்தானே தங்குகிறது?

இரண்டாவது 'டிரை பிரஷ்'. தூரிகையை வெளிர் வண்ணத்தில் தோய்த்துக் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு மேற்பரப்பில் மெல்லத் தேய்க்க வேண்டும். மேடான விளிம்புகளில் மட்டும் வண்ணம் பற்றும். உண்மைப் பொருளிலும் கைபட்டுத் தேய்பவை விளிம்புகளே.

மூன்றாவது முறைக்குச் சமையலறை உப்பே போதும். துருநிறம் பூசிய பரப்பை ஈரமாக்கி உப்பைத் தூவி, உலர்ந்தபின் மேல்வண்ணம் பூசி, பிறகு உப்பைத் தேய்த்து நீக்கினால், ஒழுங்கற்ற வடிவங்களில் வண்ணம் உரிந்த தோற்றம் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 1000-இல் ஒரு பங்கு மாதிரியில் 1 மில்லிமீட்டர் கறை, உண்மையில் 1 மீட்டர் கறை. தடித்த தூரிகையால் அப்பினால் 'பெரிய கலம்' என்ற மயக்கம் உடனே கலைந்துவிடும். கறை எவ்வளவு நுண்மையாக இருக்கிறதோ அவ்வளவு பெரியதாகக் கலம் தோன்றும்.

அண்ணனூரில் ஒரு பாடம்

இவற்றையெல்லாம் படித்தபின், ஒரு மாலை அண்ணனூர் நிலைய நடைமேடையில் அமர்ந்து புறநகர் மின்சார ரயில்களை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். அவற்றைப் பராமரிக்கும் பணிமனை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதே வண்டிகளில் கல்லூரிக்குப் போய் வந்தவன் நான். ஆனால் அன்றுதான் அவற்றைப் பார்த்தேன்.

கூரையில் மின்கம்பியைத் தொடும் கருவியைச் சுற்றிக் கரிய தூள் படிந்திருந்தது, உராய்வின் பதிவு. அடிப்பகுதி முழுவதும் செம்பழுப்பு. சக்கரமும் தண்டவாளமும் தேய்ந்து பறந்த இரும்புத் துகள் துருப்பிடித்த நிறம். சன்னல் மூலைகளின் கீழ் மழைநீர் இறங்கிய தடங்கள். வாயிற்படியருகே கைப்பிடிக் கம்பி மட்டும் பளபளத்தது. ஆயிரமாயிரம் உள்ளங்கைகள் துலக்கியது. சன்னலுக்குக் கீழே வெற்றிலைச் சாற்றுக் கறைகள் சாய்வாக இருந்தன. ஓடும் வண்டியில் கீழ்நோக்கி விழும் துளியைக் காற்று பின்னோக்கித் தள்ளுகிறது. இரண்டு திசைவேகங்களின் விளைவே அந்தச் சாய்வு. இவ்வண்டிகள் திரும்புவதில்லை, இருபுறமும் ஓடுகின்றன. அதனால் சில கறைகள் இப்பக்கமும் சில அப்பக்கமும் சாய்ந்திருந்தன!

ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருந்தது: ஈர்ப்பு, காற்று, உராய்வு, வெப்பம், மனிதக் கை. அழுக்கு என்பது இயந்திரம் தன்மேல் தானே எழுதிக்கொண்ட நாட்குறிப்பு. அதைப் படிக்கத் தெரிந்தவனே அதை எழுதவும் முடியும்.

விண்வெளியில் துரு உண்டா?

அப்படியானால் அந்த மாணவனின் துருக் கோடுகள் சரியா? இரும்பு துருப்பிடிக்க ஆக்சிசனும் ஈரமும் வேண்டும். கோடு கீழ்நோக்கி வழிய 'கீழ்' என்று ஒரு திசை வேண்டும். எஞ்சின் அணைந்து மிதக்கும் கலத்தில் இவை எவையும் இல்லை. ஆனால் மழை பெய்யும் கோளில் இறங்கி நின்ற கலமாயின் வழிந்திருக்கலாம். 'நிறைய தடவை போயிட்டு வந்தது' என்றானே. எங்கே இறங்கியது என்று நான் கேட்கவில்லை.

உண்மை விண்கலங்களும் முதுமை அடைகின்றன. ஆனால் வேறு வழிகளில். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக்கதிர் ஆக்சிசன் மூலக்கூறுகளைத் தனி அணுக்களாகப் பிளக்கிறது. கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் அவற்றின்மேல் மோதுவதால் பிளாஸ்டிக் படலங்கள் அரிக்கப்படுகின்றன. இத்தகைய மாற்றங்களை ஆராய 1984-இல் அமெரிக்கா பேருந்து அளவிலான ஆய்வுக்கலம் ஒன்றை விண்ணில் விட்டு, 1990-இல் விண்ணோடத்தின் உதவியால் மீட்டுக் கொண்டுவந்தது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியும் மோதல் தழும்புகள் மட்டுமே 30,000-க்கு மேல் இருந்தன.

1983-இல் 'சேலஞ்சர்' விண்ணோடத்தின் சன்னல் கண்ணாடியில் சிறு குழி விழுந்தது. காரணம், விண்ணில் திரிந்த ஒரு வண்ணப்பூச்சுத் துணுக்கு! வெறும் 1 மில்லிகிராம் துணுக்கு நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் அதன் இயக்க ஆற்றல் 50 ஜூல். 1 கிலோகிராம் கல்லை 5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உண்டாகும் ஆற்றல் அது. மாதிரி செய்பவர் உப்புத் தூவி உரிக்கும் வண்ணம், அங்கே துப்பாக்கிக் குண்டாகிறது.

வண்ணத்துக்கு எடையும் உண்டு. விண்ணோடத்தின் பெரிய எரிபொருள் தொட்டிக்கு 1981-இன் இரண்டு பயணங்களில் மட்டுமே வெள்ளை பூசினார்கள். 1982 முதல் அதைக் கைவிட்டதால் ஏறத்தாழ 270 கிலோகிராம் மிச்சமாயிற்று. அதன்பின் நாம் படங்களில் கண்ட ஆரஞ்சு நிறம், பூச்சற்ற காப்பு நுரையின் நிறமே.

நம் நாட்டுக் கலமும் இப்படித் தழும்பேறித் திரும்பியிருக்கிறது. 2007 சனவரி 10-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற 550 கிலோகிராம் எடையுள்ள எஸ்.ஆர்.இ.-1 என்ற மீட்புக் கலம், 12 நாட்கள் பூமியைச் சுற்றிவிட்டு, சனவரி 22-இல் வங்கக் கடலில் இறங்கியது. வளிமண்டலத்தைக் கிழித்து வந்த வெப்பத்தில் அதன் வெளிப்புறம் கருகியிருந்தது. அந்தக் கருகலை யாரும் அழுக்கென்று சொல்லமாட்டார்கள். இந்தியா விண்ணுக்கு அனுப்பிய ஒன்றைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கு அதுவே முதற்சான்று. கலத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தால் அந்தச் சான்றும் போயிருக்கும்.

மாதிரி செய்ய விரும்பும் மாணவர்கள் விலை உயர்ந்த பெட்டிக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. வான் நைஸ் இளைஞர்கள் செய்ததும் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் ஒட்டியதுதான். உங்கள் வீட்டுப் பழைய டார்ச்சு விளக்கும், பழுதான கால்குலேட்டரும் போதும். ஆனால் வண்ணத்தைத் தொடுமுன் ஒரு தண்ணீர் லாரியையோ, ரயில் பெட்டியையோ, தாத்தாவின் சைக்கிளையோ அரை மணி நேரம் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே படிந்திருக்கிறது, ஏன் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த 'ஏன்' இல்லாமல் பூசிய கறை, வெறும் கறைதான்.

அந்த மாணவனை மீண்டும் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. அவன் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம். கண்காட்சிகளுக்கு இன்றும் நடுவராகச் செல்கிறேன். பளபளக்கும் மாதிரிகளுக்கு நடுவே எப்போதாவது கறை படிந்த ஒன்று தென்பட்டால், மதிப்பெண் தாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேட்கிறேன்: "தம்பி, இந்தக் கறை எப்படி வந்தது?"